ஒன்பதாவது கூழைக்கடா

2018 ஜனவரி 9, செவ்வாய்

எங்கள் மீன் பண்ணையின் நாலாம் குளத்தில் நாற்பத்தொரு நீர்க்காகம். விரட்ட இரண்டு வெடி போட்டேன். எழுந்து மேற்கே சதுப்பு மரங்களுக்குப் போய்விட்டன. சுட்டது மூன்று, புதைத்தது மூன்று. இது அரசாங்கப் பதிவேட்டுக்கு. கட்டம் போட்ட தாளில் என் மனைவி ஒடெசா எழுதிவிட்டாள்.

அந்தக் கட்டங்களில் எண் மட்டும்தான் கொள்ளும். மற்றதை எங்கே வைப்பது? தீவனக் கம்பெனி கொடுத்த நோட்டு ஒன்று கிடக்கிறது, அதில் எழுது என்றேன்.

"எழுதப் படிக்கத் தெரியாத மனுஷனுக்கு ரெண்டு நோட்டா?" என்றாள்.

முப்பத்தொரு வருடம் மீன் ஆலையில் கத்தி பிடித்த விரல்கள் அவளுடையவை. பேனா பிடித்தால் வலிக்கிறது. ஆனாலும் நான் சொல்ல அவள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வரவில்லை. பருத்தி வேலை இருக்கும் மாதங்களில் எங்கள் பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கும். எங்கள் வீட்டில் பருத்தி வேலை இல்லாத மாதம் இருந்ததில்லை. அதனால் எல்லாவற்றையும் தலையில் போட்டு வைத்தேன். இன்னும் அங்கேயே இருக்கிறது.

ஜனவரி 12, வெள்ளி

கூழைக்கடாக்கள் வந்தன. அறுபத்து மூன்று.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. வானம் வெறுமையாக இருந்தது. பிறகு அந்த வெறுமையே ஒரு பக்கம் திரும்பியது, அப்போது வெள்ளை மின்னியது. அவை மறுபடி திரும்ப, மறைந்தது. அறுபத்து மூன்று உடம்பு வட்டம் போட்டு இறங்குகிறது. ஒரு இறக்கைகூட அடித்துக்கொள்ளவில்லை, ஒரு சத்தம் இல்லை. எனக்கு எழுபத்தெட்டு வயது. இருபத்துமூன்று வருடமாக இதைப் பார்க்கிறேன். இன்றும் வாயைத் திறந்துகொண்டுதான் நின்றேன். பிறகுதான் வெடித் துப்பாக்கி கையில் இருப்பது ஞாபகம் வந்தது.

மீன் தின்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதன் எச்சத்தில் ஒரு புழு வருகிறது. அது நத்தைக்குள் போய், நத்தையிலிருந்து நாங்கள் வளர்க்கும் கெளுத்திக்குப் போகும். கூட்டம் ஒரு குளத்தில் இரண்டு நாள் குந்தினால் போதும், அந்தக் குளம் போச்சு. 2006-இல் இரண்டாம் குளம் அப்படித்தான் செத்தது. மீன்கள் தலையைத் தூக்கிக்கொண்டு கரையோரம் நின்றன, கையால் அள்ளலாம் போல.

அதனால்தான் சுடுவதற்கு அரசாங்கம் அனுமதிச் சீட்டு தருகிறது. இந்த வருடச் சீட்டில் நீர்க்காகம் அறுபது, கூழைக்கடா எட்டு. சும்மா விரட்டினால் நாலு நாளில் பழகிவிடும். இடையில் ஒன்று விழுந்தால்தான் மற்றவை நம்பும். சீட்டு என் மகள் வெர்லீன் பெயரில் இருக்கிறது. சுடலாம் என்ற பட்டியலில் அவளும் நானும். இந்தச் சாலையில் தண்ணீர் வைத்திருப்பது இப்போது நாங்கள் மட்டுந்தான். மற்றவர்கள் எல்லாரும் குளத்தை வடித்து சோயா போட்டுவிட்டார்கள். சீட்டு இல்லாத வருடம் வந்தால் தானும் வடித்துவிடுவதாக வெர்லீன் சொல்லியிருக்கிறாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

எங்கள் ஆறு குளமும் நான் வெட்டியவை.

ஜனவரி 17, புதன்

பறவை அலுவலகத்திலிருந்து மிஸ் கிட்ரெல் வந்தாள். அவள் பரிந்துரை எழுதினால்தான் அடுத்த சீட்டுக்கு மனு மேலே போகும். நல்ல பெண். பூட்ஸில் சேறு ஒட்டினால் கவலைப்படமாட்டாள்.

"போன சீசன் பதிவேடு எங்க, மிஸ் வெர்லீன்?"

"குளத்துக்குள்ள."

உண்மைதான். போன மார்ச்சில் ஈரக் கரையில் வண்டி சறுக்கி இரண்டாம் குளத்தில் இறங்கியது. வண்டியை இழுத்துவிட்டோம். நோட்டு கஞ்சியாகிவிட்டது.

"பதிவேடு இல்லாம நான் எப்படிங்க எழுதறது? எத்தன விரட்டினீங்க, எத்தன சுட்டீங்கன்னு நாளுவாரியா வேணும்."

"எந்த நாள் வேணும்?" என்றேன்.

"என்னது?"

"நாளச் சொல்லும்மா."

சிரித்துக்கொண்டே, "2016 டிசம்பர் ஆறு" என்றாள்.

"செவ்வாக்கெழம. வடக்குக் காத்து. ரெண்டாம் குளத்துல நீர்க்காகம் எழுபது, நாலு சுட்டேன். ஆறாம் குளத்துல கூழைக்கடா பதினெட்டு, வெடிக்கே போயிருச்சு."

விமானத்தில் போய் அவர்கள் எண்ணிய கணக்கு அவள் கம்ப்யூட்டரில் இருந்தது. பார்த்தாள். சிரிப்பு நின்றது. இன்னொரு நாள் கேட்டாள். இன்னொன்று. காப்பி ஆறிப்போனது. பிறகு, "நவம்பர் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிங்க" என்று பேனாவை எடுத்தாள். நூற்று ஐம்பத்தொரு நாள். ஒடெசா இரண்டு தடவை கேக் வெட்டி வைக்கும்வரை சொன்னேன்.

"நூத்தம்பத்தொரு நாளும் நெனப்பிருக்கு. எங்க கல்யாண நாள் என்னன்னு கேளும்மா" என்றாள் ஒடெசா.

"ஜூன் பதினாலு. மழ. மறக்கல, நான் சொல்றதில்ல, அவ்வளவுதான்."

போகும்போது மிஸ் கிட்ரெல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வார்த்தையத்தான் பதிவேடா வெச்சு அனுப்பறேன், மிஸ்டர் டார்வர். இதுவரைக்கும் யாருக்கும் இப்படிச் செஞ்சதில்ல. இனிமே தயவுசெஞ்சு எழுதி வைங்க."

ஜனவரி 18, வியாழன்

நாலாம் குளம். கூழைக்கடா ஒன்று. இந்த வருடத்தில் முதல்.

தூக்கினால் பதினாறு பவுண்டு இருக்கும். இறக்கையை விரித்தேன். என் வண்டியின் பின்தட்டில் கொள்ளவில்லை, இரண்டு பக்கமும் வழிந்தது. நெஞ்சுத் தோலை அழுத்தினால் நொறுநொறு என்கிறது. தோலுக்கு அடியில் முழுக்கக் காற்றுக் குமிழி. ஒவ்வொரு வருடமும் அழுத்திப் பார்க்கிறேன். படைத்தவனுக்கு எத்தனை பொறுமை!

ஈஸ்டருக்குக் கோவிலுக்குப் போடும் தொப்பிக்கு ஓர் இறகு வேண்டும் என்றாள் ஒடெசா. ஓர் இறகை வைத்துக்கொண்டாலும் குற்றம். முழுசாகப் புதைக்க வேண்டும்.

"தொப்பியோட செயிலுக்குப் போறேன், விடு."

புதைத்துவிட்டேன்.

பிப்ரவரி 3, சனி

சுட்ட கூழைக்கடா ஐந்து ஆகிவிட்டது. சீசன் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. கூழைக்கடா நூற்றுத் தொண்ணூறு வந்தன. வெர்லீன் வடக்குக் கரையில், நான் தெற்கில். வண்டி ஹாரன், வெடி, எல்லாம். ஏழாவதைச் சுட்டது வெர்லீன். மீதி ஒன்று. அந்த ஒன்றைக் கடைசி நாள்வரை பிடித்து வைப்பதென்று பேசிக்கொண்டோம்.

சாலைக்கு எதிர்ப்பக்கத்துக்காரன் பர்விஸ் வேலியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான். அவன் குளத்தை வடித்து இரண்டு வருடமாகிறது. "என்னா மீன்ராசா, என் சோயாவ ஒரு பறவையும் திங்க வரலையே!" என்று கத்தினான்.

"ருசி அப்படி!" என்றேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

இன்று சொல்வதற்கு ஒன்றுமில்லை. மூடு.

பிப்ரவரி 21, புதன்

சொல்கிறேன். எழுது.

நேற்றுக் காலை மூடுபனி. கரையிலிருந்து தண்ணீர் தெரியவில்லை. ஆனால் சத்தம் கேட்டது. முந்நூறு உடம்பு ஒன்றாக மூச்சு விட்டால் வருகிற சத்தம். அருகே போன பிறகுதான் கண்டேன், நாலாம் குளம் வெள்ளையாக இருந்தது. குஞ்சு மீன் விட்ட குளம் அது. வெடி போட்டேன். எழுந்து, பனிக்குள் சுற்றி, அதே இடத்தில் இறங்கின. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே. பனியில் அவற்றுக்குப் போகத் திசை தெரியவில்லை போல. நாலு தடவை. சரி, அந்தக் கடைசி ஒன்றை இன்று செலவழிக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

எழும்பிய ஒன்றைக் குறிவைத்துச் சுட்டேன். ஒரே தோட்டா. தண்ணீரில் இரண்டு சத்தம் கேட்டது.

வெள்ளைப் பறவைக்குப் பின்னால் வெள்ளைப் பனி. அந்தப் பனிக்குள் இன்னொரு வெள்ளைப் பறவை. அது என் கண்ணில் படவில்லை. அறுபது வருடமாகத் துப்பாக்கி பிடிக்கிறேன், பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சுட்டதில்லை. நேற்றும் பார்த்தேன், அங்கே வெறும் வெள்ளைதான் இருந்தது. தோட்டா எத்தனை என்று சீட்டு கேட்பதில்லை. பறவை எத்தனை என்றுதான் கேட்கிறது. எட்டு என்று போட்டிருக்கிறது. ஒன்பது கிடக்கிறது.

படகை விட்டு இரண்டையும் எடுத்து வந்தேன். ஒன்பதாவதன் காலில் ஒரு வளையம், பறவை ஆராய்ச்சிக்காரர்கள் எண் போட்டு மாட்டுவது. தேய்ந்து காகிதம் மாதிரி ஆகியிருந்தது. ஒடெசா அதன்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தாள். எண் மேலே வந்தது. வெர்லீன் போனில், வளையக் கணக்கு வைக்கும் அரசாங்கப் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டாள். உடனே பதில் வந்துவிட்டது.

வடக்கே டகோட்டாவில் ஏதோ ஒரு ஏரி, அதற்குள் ஒரு தீவு. 1994 ஜூலை. பறக்கத் தெரியாத குஞ்சாக இருந்தபோது மாட்டியது.

1994. இந்தத் தண்ணீருக்குக் கூழைக்கடா முதல் தடவை வந்தது அந்த வருடம் டிசம்பர் மூன்றாம் தேதி, சனிக்கிழமை. இருபத்துமூன்று பறவை. இந்தச் சாலையில் ஒருவருக்கும் அது என்ன பறவை என்று தெரியவில்லை. டிராக்டரை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஏன் கழற்றினேன் என்று அன்றும் தெரியவில்லை. அந்த இருபத்துமூன்றில் இது ஒன்றா? தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. வருடம் தவறாமல் போய் வந்திருந்தால் தெற்கே இருபத்துநாலு தடவை, வடக்கே இருபத்துமூன்று. நாற்பத்தேழு தடவை என் தலைக்கு மேல். இருபத்துநாலாவது தடவை வடக்கே போக இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

இதைப் போய் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பிப்ரவரி 22, வியாழன்

வெர்லீன் நேற்று முழுக்கக் கரையிலேயே இருந்தாள். இன்று காலை சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள்.

"எட்டுன்னு எழுதிருங்கம்மா."

ஒடெசா பேனாவை எடுக்கவில்லை. "அவரு சொல்றதத்தான் நான் எழுதுவேன்."

"அப்பா. சீட்டு என் பேர்ல இருக்கு. போச்சுன்னா என்னோடது போகும். ஒங்களுக்கு எழுபத்தெட்டு. எனக்கு அம்பது. நான் போயி எங்க வேல கேக்கறது, ஆலையிலயா? அம்மா வெரலப் பாத்தீங்கல்ல?"

 சரியாகத்தான் சொல்கிறாள்.

பர்விஸ் வந்தான். செய்தி எப்படித்தான் போகிறதோ. "ஒன்பதாவது எதுன்னு பனிக்கு மட்டுந்தான் தெரியும், எஸல். பனி கோர்ட்டுக்கு வராது. குழியில ஒண்ணுக்கு மேல ஒண்ணப் போட்டு மூடு. அந்த வளையத்தத் தண்ணியில வீசு."

"வெர்லீன் போன்ல போட்டுட்டாளே."

"அப்ப செத்துக் கெடந்துச்சுன்னு சொல்லு! கெழட்டுப் பறவை. கெழடு சாகாதா? ஒன்னையத் தவிர."

ஒடெசா, பர்விஸ், நான், மூன்று பேரும் சிரித்துவிட்டோம். வெர்லீன் சிரிக்கவில்லை. செத்துக் கிடந்தது என்பது நல்ல பொய்தான். யாருக்கும் சந்தேகம் வராது. சாயங்காலம்வரை அதை வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

மிஸ் கிட்ரெலைப் போனில் கூப்பிட்டேன். வெர்லீன் பக்கத்தில் நின்றாள். அவளைக் கேட்காமல் செய்யவில்லை. அவளிடம் இதைத்தான் சொன்னேன்: நூற்று ஐம்பத்தொரு நாளை நான் தலையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் அதை நம்பித் தன் பெயரைப் போட்டு மேலே அனுப்பினாள். இன்று ஒரு நாளை மாற்றிச் சொன்னால் அந்த நூற்று ஐம்பத்தொன்றும் பொய்யாகிவிடும். எனக்கேகூட எது உண்மை என்று தெரியாமல் போய்விடும். என்னிடம் காகிதம் இல்லையம்மா. இது ஒன்றுதான் இருக்கிறது.

வெர்லீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பண்ணுங்க" என்றாள். அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

போனில் மிஸ் கிட்ரெலிடம் ஒன்பது என்று சொன்னேன்.

"நீங்க கூப்பிடாம இருந்திருக்கலாம், மிஸ்டர் டார்வர்."

"தெரியும்மா."

"நான் இத மேல அனுப்பித்தான் ஆகணும். முடிவு என் கையில இல்ல."

"தெரியும்."

"அந்த வளையத்த நீங்க வெச்சுக்கலாம். அதுக்குத் தடையில்ல." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "எந்த வருஷத்துதுன்னு சொன்னீங்க?"

"தொண்ணூத்துநாலு."

"அப்ப நான் ஒண்ணாங்கிளாஸ்" என்றாள்.

மார்ச் 2, வெள்ளி

இனி கூழைக்கடாவைச் சுட முடியாது. விரட்ட மட்டும்தான். வெர்லீனும் நானும் முறை வைத்துக் கரையைச் சுற்றுகிறோம். என்னோடு பேசுகிறாள், ஆனால் மீனைப் பற்றி மட்டும்.

மார்ச் 19, திங்கள்

சில பறவைகளின் அலகின்மேல் கொம்பு முளைத்துவிட்டது. ஜோடி தேடும் காலத்தில் மட்டும் வரும், முட்டை இட்டதும் உதிர்ந்துவிடும். பறவைக்கு எதற்குக் கொம்பு? யாரைக் கேட்டாலும் சரியாகச் சொல்வதில்லை. ஒடெசாவிடம் சொன்னேன். "ஒனக்கும் அப்ப மீசை இருந்துச்சு" என்கிறாள்.

நாலாம் குளத்து மீன் தீவனம் எடுக்கிறது. வெர்லீன் வலை போட்டு இருபதைப் பிடித்து அறுத்துப் பார்த்தாள். புழு இல்லை.

ஏப்ரல் 14, சனி

போய்விட்டன. காற்று தெற்கிலிருந்து வந்தது. பதினொரு மணிக்கு வயல்மேல் சூடு எழும்பியதும், நாலா பக்கத்துச் சதுப்பிலிருந்தும் ஒவ்வொரு கூட்டமாக வந்து, சுழன்று மேலேறும் ஒரே தூணாகச் சேர்ந்தன. ஆயிரம்வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ண முடியவில்லை. என் வாழ்நாளில் எண்ணுவதை நான் நிறுத்தியது இதுதான் முதல் தடவை. அந்தத் தூணின் உச்சி எங்கே என்று தெரியவில்லை. மேலே போகப் போக வெள்ளை மெலிந்து, உப்புத் தூள் மாதிரி ஆகி, பிறகு அதுவும் இல்லை.

கழுத்து வலி. ஒடெசா தைலம் தேய்த்தாள்.

ஆகஸ்ட் 30, வியாழன்

பறவை அலுவலகத்து உறை வந்தது. வெர்லீன் பிரித்தாள்.  முதலில் தனக்குள் படித்தாள், பிறகு ஒடெசாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் வண்டிமேல் சாய்ந்து நின்றாள்.

ஒடெசா சத்தமாகப் படித்தாள். சீட்டு உண்டு. நீர்க்காகம் அறுபது. கூழைக்கடா ஐந்து. போன வருடத்தைவிட மூன்று குறைவு. எச்சரிக்கை ஒரு பத்தி. பிறகு சுட அனுமதி உள்ளவர்கள் பெயர். "வெர்லீன் டார்வர்" என்று படித்தாள். நிறுத்தினாள்.

"அடுத்தது?"

"எஸல், காப்பி வேணுமா?"

புரிந்தது, என் பெயர் இல்லை. வேண்டும் என்றேன். வைத்துக் கொடுத்தாள்.

வெளியே போனேன். வெர்லீன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தண்ணி இருக்கும், அப்பா" என்றாள். "குளம் இருக்கும்." தோளில் கை போட்டேன். சின்னப் பிள்ளையில்கூட அவள் அவ்வளவு கனமாகச் சாய்ந்ததில்லை. துப்பாக்கியை அவள் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 15, வியாழன்

பதிவேடு இப்போது வெர்லீனிடம். அவளே எழுதிக்கொள்கிறாள். "அப்புறம் நான் எதுக்கு எழுதணும்?" என்றாள் ஒடெசா. உட்கார், இதை மட்டும் எழுது என்றேன்.

இன்று முதல் கூட்டம் வந்தது. ஐம்பத்தெட்டு. ஐந்தாம் குளம். வெர்லீன் முதல் குளத்துப் பக்கம் இருந்தாள், சுற்றி வர நேரமாகும். நான் வண்டிக்குள் இருந்தேன், கை ஹாரன்மேல் இருந்தது. அடிக்கவில்லை.

அவை இறங்கி முதலில் சும்மா மிதந்தன. பிறகு யாரும் சொல்லாமலே அரைவட்டமாகப் பிரிந்தன. இறக்கையால் தண்ணீரை அடித்துக்கொண்டு கரையை நோக்கி நெருங்கின. அரைவட்டம் சின்னதாகிச் சின்னதாகி, தோளோடு தோள் இடித்தது. பிறகு ஐம்பத்தெட்டு தலையும் ஒரே நொடியில் உள்ளே. ஐம்பத்தெட்டும் ஒரே நொடியில் மேலே. அலகிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வெயில் அதற்குள்ளே நிற்கிறது. இத்தனை வருடத்தில் இதை நான் முழுசாகப் பார்த்ததே இல்லை. எப்போதும் பாதியில் நான் வெடி போட்டுவிடுவேன்.

அப்புறம் ஹாரன் அடித்தேன். விடாமல் அடித்தேன். எழுந்து ஆற்றுப் பக்கம் போய்விட்டன.

வெர்லீன் வந்து சேர்ந்தாள். "கரையிலேர்ந்து பாத்தேன். ஏம்பா ஒடனே அடிக்கல?"

"பாத்துட்டிருந்தேன்."

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். வண்டியின் பின்தட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். "எத்தன?"

"அம்பத்தெட்டு."

எண்ணை எழுதினாள். சுட்டது ஒன்றுமில்லை. விரட்டியவர் என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டாள். விரட்டுவதற்குப் பட்டியல் தேவையில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் போன மீன் முப்பது இருக்கும். அதையும் எழுது, ஒடெசா.